மாட்னி நேரத்து மூச்சு

அந்தப் படம் எந்த ஊரில் ஓடினாலும், ஓடி முடிகிற வரைக்கும் மருந்துக்கடைக்காரரின் தங்கைக்குக் குரல் இருக்காது. வாயைத் திறந்தால் யாரோ ஓர் ஆண்பிள்ளை மூச்சு விடுகிற சத்தம் மட்டும் வரும். படம் முடிந்து தியேட்டரில் விளக்குப் போட்டதும் குரல் வீட்டுக்கு வந்துவிடும். விட்ட இடத்திலிருந்து வாக்கியத்தை முடிப்பாள். இதை வியாதி என்று சொன்னவர்கள் உண்டு, நடிப்பு என்று சொன்னவர்களும் உண்டு. இரண்டும் தவறு. அந்தக் குடும்பத்தில் வியாதியை யாரும் மறைத்ததில்லை, நடிக்கத் தெரிந்தவர்களும் யாரும் இருந்ததில்லை. அது ஓர் இரவல் விவகாரம். கொடுத்தவரும் வாங்கியவரும் நல்ல மனதோடு செய்த காரியம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

மருந்துக்கடைக்காரர் அந்த வீட்டின் மூத்த பிள்ளை. அப்பா போன பிறகு குடும்பத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டவர். அவர் முதுகு வளைந்து யாரும் பார்த்ததில்லை; கடையில் கீழ்த்தட்டில் இருக்கும் மருந்தைக்கூட உட்கார்ந்து எடுப்பாரே தவிரக் குனிந்து எடுக்கமாட்டார். ஊர் அவருக்கு இஸ்திரி என்று பெயர் வைத்திருந்தது. அது காதுக்கு எட்டியபோது, கசங்கிக் கிடப்பதற்கு அது மேல் என்றார். அவருடைய ஒரே தங்கை தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தாள். எண்ணைச் சொன்னால் இணைப்புக் கொடுக்கிற வேலை. காலையில் அண்ணனோடு நடந்து போவாள், மாலையில் அண்ணனோடு நடந்து வருவாள். தெருவில் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் போன் இருந்த வீடுகளிலும் கடைகளிலும் அவள் குரல் தினமும் ஒலித்தது. அந்தக் குரலில் இனிப்போ குழைவோ இருந்ததாகச் சொல்ல முடியாது. கேட்டவருக்குத் தன் விஷயம் இனி ஒழுங்காகிவிடும் என்று தோன்றும், அவ்வளவுதான். மற்ற எல்லோரிடமும் கத்துகிற மரக்கடை முதலாளி அவளிடம் மட்டும் எண்ணைத் தணிந்த குரலில் சொல்வார். இணைப்புக் கிடைத்ததும் அவள் "பேசுங்க" என்பாள். அதற்குப் பிறகுதான் ஊர் பேசும்.

படமுதலாளி ஒருவர் காட்சிகளுக்கு இடம் பார்க்க அந்த ஊருக்கு வந்து, தலைநகரோடு பேச ட்ரங்க் கால் கேட்டார். லைனில் இருக்கும்படி அவள் சொன்னாள். அவர் இருந்தார். பேச வேண்டியவரோடு பேசி முடித்து, எதிர்முனை வைத்துவிட்ட பிறகும் இருந்தார். அவர் எடுத்துக்கொண்டிருந்தது ஒரு திகில் படம். பேர்போன நடிகை ஒருத்தியை முகம் காட்டாத ரசிகன் ஒருவன் பின்தொடர்கிற கதை. படம் நெடுக அவன் ஒரு வார்த்தை பேசமாட்டான். போன் செய்வான், மூச்சு விடுவான், வைத்துவிடுவான். பூட்டிய அறையில் அவளுடைய சீப்பு இடம் மாறியிருக்கும். ஜன்னலுக்கு வெளியே நனைந்த மழைக்கோட்டின் விளிம்பு தெரியும். அதில் நடிகையாக நடித்தவள் நிஜத்திலும் பெரிய நட்சத்திரம். அவள் முகத்துக்காக ஜனங்கள் வெயிலில் காத்துக் கிடந்தார்கள். குரல்தான் தகர டப்பாவை ஆணியால் கீறியது போல இருக்கும். காதல் படங்களில் பாட்டுகளை வைத்து ஒப்பேற்றினார்கள். இதில் இருட்டறையில் போனை எடுத்து அவள் "யாரு?" என்று கேட்கும்போது தியேட்டர் சிரித்துவிட்டால் படம் அங்கேயே படுத்துவிடும்.

ஆகவே அவர் மருந்துக்கடைக்காரரின் வீட்டுக்கு வந்து, தரையைப் பார்த்தபடி விஷயத்தைச் சொன்னார். மூத்தவர் மறுத்தார். மறுநாள் படமுதலாளி மறுபடி வந்தார், இவர் மறுபடி மறுத்தார். மூன்றாம் முறை வந்தபோது உள்ளறையிலிருந்து அம்மா பேசினாள். முகத்தையா கேட்கிறார்கள், குரலைத்தானே, அதைத்தான் அவள் ஏற்கெனவே ஊருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறாளே என்றாள். அம்மா சொல்லைத் தட்டும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை. மூத்தவர் நிபந்தனைகள் விதித்தார். பெயர் எங்கும் வரக்கூடாது. அவளை யாரும் பார்க்கக்கூடாது. ஒலிப்பதிவு அறையில் நடுவே திரை கட்ட வேண்டும், திரைக்கு இந்தப் பக்கம் தானும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். படமுதலாளி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுச் சம்பளப் பேச்சை எடுத்தார். அப்போதுதான் மூத்தவர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"எங்க வீட்ல எதையும் விக்கிறதில்லைங்க. அவசரம்னு வந்திருக்கீங்க. இரவலா எடுத்துட்டுப் போங்க."

மருந்து விற்பவர் இப்படிச் சொன்னது படமுதலாளிக்குச் சிரிப்பை மூட்டியிருக்கலாம். அவர் மரியாதை தெரிந்தவர், சிரிக்கவில்லை. இரவலாகவே இருக்கட்டும் என்று கைகூப்பிவிட்டுப் போனார். சம்பளம் வாங்கியிருந்தால் வேலை முடிந்தது, உறவு அறுந்தது என்று போயிருக்கும். இரவல் என்று வாய்விட்டுச் சொன்னதால் வேறாகிவிட்டது. இரவல் போன பொருள், வாங்கியவன் அதைப் பயன்படுத்துகிற நேரத்தில் கொடுத்தவன் வீட்டில் இருக்காது. குடையானாலும் ஏணியானாலும் அதுதான் வழக்கம். குரலுக்கு மட்டும் வேறு சட்டம் இருக்க முடியாது. தங்கையை இதில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன் என்று அவள் பின்னாளில் சொன்னாள். ஆனாலும் கேட்டிருக்கலாம் என்றும் சொன்னாள்.

ஒலிப்பதிவு அறையின் சுவர்களில் பழைய மெத்தைகளை ஆணியடித்திருந்தார்கள். நடுவில் கறுப்புத் திரை. ஒரே மைக், திரைக்கு மேலே கம்பியில் தொங்கியது. திரைக்கு அந்தப் பக்கம் சத்தங்கள் செய்கிற ஆள் நின்றிருந்தார். மணல் தட்டில் பழைய ஷூவைப் பதித்து நடைச்சத்தம் கொடுப்பது, சக்கரம் வைத்த கதவை நகர்த்திக் கிறீச்சிட வைப்பது, ஈரத்துணியை உதறி மழைக்கோட்டாக்குவது அவர் தொழில். ரசிகனின் மூச்சும் அவருடையதுதான். சத்தம் செய்யத் தெரிந்தவர், பேச்சு வராது. திக்குவாய் என்று சிலர் சொல்வார்கள், அதுவும் சரியில்லை. யாரும் அவரிடம் ஒன்றும் கேட்டதில்லை, அதனால் பழக்கம் விட்டுப்போயிருந்தது. போன் காட்சியை இரண்டு பேரையும் சேர்த்து ஒன்றாகத்தான் பதிய வேண்டியிருந்தது. அவர் மூச்சு விட்டார். அவள் "யாரு?" என்று கேட்டாள். பிறகு "யாருன்னு கேக்கறேன்ல?" என்றாள். எழுதிக் கொடுத்த காகிதத்தில் அடுத்ததாக "பேசுடா" என்று இருந்தது. தொழில் பழக்கம், அவள் வாயில் "பேசுங்க" என்று வந்துவிட்டது. மூத்தவர் நாற்காலியில் அசைந்தார். டைரக்டர் கண்ணை மூடிக்கொண்டு, அதுவே இருக்கட்டும் என்றார். மரியாதையாகக் கேட்டால்தான் பயமாக இருக்கிறது என்றார். திரைக்கு அந்தப் பக்கம் நின்றவருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குரல் "பேசுங்க" என்று சொல்லியிருந்தது. அவர் தன் கூலியை வாங்கிக்கொண்டு போனார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை, அவர் முகத்தை இவர்கள் பார்க்கவில்லை.

படம் வெளியான அன்று முதல் காட்சி நேரத்தில் அவள் டாக்டர் வீட்டுக்கு இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டரின் மனைவி காதில் ஓர் ஆண்பிள்ளையின் மூச்சு விழுந்தது; மெதுவாக இழுத்து, ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் விடுகிற மூச்சு. அந்த அம்மாள் போனைக் கீழே போட்டுவிட்டுக் கதவுகளைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் பல பெண்கள் அதே மூச்சைக் கேட்டிருந்தார்கள். ஒரு வீட்டில் போனுக்கு மேல் கம்பளியைப் போட்டு மூடி வைத்தார்கள். புகார் போய், மேலதிகாரி வந்து, அவள் பக்கத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் வாயைத் திறந்தாள். அவர் திரும்பித் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். மறுநாள் அவளைப் பின்னறைக்கு மாற்றினார்கள். பேசத் தேவையில்லாத வேலை, அறுந்த கம்பிகளைச் சோதித்துப் பார்ப்பது. அங்கே இருந்த மற்றவர்கள் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. ஊர் ஊராக, ஒரு நாளில் எல்லாக் காட்சியும். அவளுக்குப் பேசக் கிடைத்தது விடியற்காலையும் முற்பகலில் கொஞ்சமும்தான். சேர்த்து வைத்ததையெல்லாம் பல் துலக்கிக்கொண்டே பேசிவிடுவாள். தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, நுரையீரல் ஒரு வேகத்திலும் வாய் இன்னொரு வேகத்திலும் மூச்சு விடுவதாகச் சொல்லி, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். தான் உள்ளே இழுக்கும்போது அவன் வெளியே விடுகிறான் என்று அவள் அண்ணியிடம் ஒரு காலையில் சொன்னாள். கண்ணாடி முன் நின்றால் தன் முகம் தெரியுமுன் கண்ணாடி பனித்துவிடுகிறது என்றும் சொன்னாள். வீட்டுக் குழந்தைகளுக்கு இதெல்லாம் பெரிதாகத் தோன்றவில்லை; அத்தைக்குள் ஒரு மாமா இருக்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொல்லி அடி வாங்கினார்கள். வெள்ளிக்கிழமைகளில் பத்திரிகையின் சினிமாப் பக்கத்தைக் குடும்பமே குனிந்து படித்தது, மூத்தவரைத் தவிர. அவருக்கு மற்றவர்கள் வாசித்துக் காட்டினார்கள்.

"எல்லார் வீட்லயும் தெரிஞ்சவங்க படம் ஓடணும்னு வேண்டிப்பாங்க. நம்ம வீட்லதான் எப்போ படுத்துக்கும்னு காத்துட்டிருக்கோம்" என்பாள் அண்ணி.

பெண் பார்க்க ஒருமுறை நல்ல குடும்பம் வந்தது. எந்தத் தியேட்டரிலும் படம் ஓடவில்லை என்று பத்திரிகை பார்த்து உறுதி செய்துகொண்டுதான் மூத்தவர் நேரம் குறித்துக் கொடுத்திருந்தார். ஏதோ ஒரு தூர ஊரில் யாரோ பழைய படப்பெட்டியை வாங்கிப் பகல் காட்சி போட்டுவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா பெயரைக் கேட்டாள். பெண் தலைகுனிந்து வாயைத் திறந்தாள். வந்தவர்கள் கொடுத்ததைக் குடித்துவிட்டு, மரியாதையாகவே எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு அந்த வீட்டில் எடுக்கப்படவில்லை.

எந்தப் படமும் ஒருநாள் ஓய்ந்துதானே ஆக வேண்டும். படச்சுருள்கள் தேய்ந்தன, படக் கம்பெனி மூடப்பட்டது, படமுதலாளி காலமானார். அவள் குரல் நாள் முழுவதும் வீட்டிலேயே தங்க ஆரம்பித்தது. அதற்குள் ஆள் இல்லாமல் தானே இணைத்துக்கொள்ளும் இயந்திரம் வந்துவிட்டது. தொலைபேசி நிலையத்துக்கு அவள் குரல் தேவைப்படவில்லை. வீட்டுக்குத் தேவைப்பட்டது. அம்மாவுக்குப் பார்வை போயிருந்தது. உலகத்தில் நடப்பதையெல்லாம் மகள்தான் அம்மாவுக்குச் சொன்னாள். எதிர்வீட்டுக்காரர்கள் கதவுக்கு என்ன வண்ணம் அடித்திருக்கிறார்கள், அது ஏன் நன்றாக இல்லை என்பது வரைக்கும். அம்மா ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டுவாள். அவை நல்ல வருடங்கள்.

சத்தம் செய்கிறவர் இந்தக் காலமெல்லாம் அந்தக் குரலைத் தேடிக்கொண்டிருந்தார். நட்சத்திரத்தின் மற்றப் படங்களைப் பார்த்திராதவர், ஆரம்பத்தில் அது அவள் குரல்தான், தனக்கு முன்பே வந்து திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது அவள்தான் என்று நம்பினார். அவள் பங்களா வாசலில் நின்றார். படப்பிடிப்பு நடக்கிற இடங்களில் கூட்டத்தின் கடைசியில் நின்றார். அவள் வீட்டுக்குப் போன் செய்வார். எடுத்தால் பேச வராது, மூச்சு மட்டும் போகும். படத்தில் அவள் யாரைக் கண்டு பயப்படுவதாக நடித்தாளோ அவனே தன்னைச் சுற்றி வருவதாக நட்சத்திரம் போலீசில் சொன்னாள். அது பொய்யும் இல்லை. ஒருநாள் அவளே காரை நிறுத்தி இறங்கி, தன் சொந்தக் குரலில் அவரைத் திட்டினாள். திட்டி முடிக்குமுன் அவருக்குத் தெளிந்துவிட்டது. இது அந்தக் குரல் இல்லை. மன்னிப்புக் கேட்கிற மாதிரி தலையைத் தாழ்த்திவிட்டுப் போனார், பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. விசாரித்தவர்கள் யாருக்கும் குரலின் சொந்தக்காரி யாரென்று தெரியவில்லை. மூத்தவரின் நிபந்தனை அவ்வளவு உறுதியாகக் காக்கப்பட்டிருந்தது. கடைசியில் கம்பெனி சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது மிச்சமிருந்த ஒரே பெட்டியை அவர் வாங்கிக்கொண்டார். அதைத் தூக்கிக்கொண்டு, ஈயோட்டுகிற தியேட்டர்களாகப் பார்த்துப் பகல் காட்சிக்கு வாடகைக்கு எடுத்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்பது என்று கிளம்பினார். பெட்டியோடு அவர் முதலில் வந்தது அந்த ஊருக்குத்தான். அவள் அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. அந்தத் தியேட்டரில் வாடகை குறைவு, அதுதான் காரணம்.

மாட்னி நேரம்தான் அம்மா சாப்பிட்டுவிட்டுப் படுக்கிற நேரம். மகள் கட்டிலோரம் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிற நேரம். முதல் நாள், எதிர்வீட்டுச் சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தின் நடுவில் குரல் போயிற்று. அம்மா "ம்" கொட்டிவிட்டுக் காத்திருந்தாள். பதிலுக்கு மிக அருகில் ஓர் ஆணின் மூச்சு வந்தது. "யாரு?" என்றாள் அம்மா. தன் கையைப் பிடித்திருந்த கையை உதறினாள். "யாருப்பா நீ? என் பொண்ணு எங்க?" மகள் வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டுப் பார்த்தாள், அதுவும் அவனுடைய மூச்சாகவே வந்தது. மறுநாளிலிருந்து அந்த நேரத்தில் அவள் உள்ளே போகாமல் அண்ணியை உட்கார வைத்தாள். அப்போது அம்மா மகளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பதில் வராத ஒவ்வொரு நிமிடமும் அவன் அவளை ஏதோ செய்துவிட்டான் என்று நம்பினாள். உள்ளே போனாலும் பயம், போகாவிட்டாலும் பயம். இதயம் பலவீனமாகிவிட்டது, எந்த மத்தியானமும் முடியலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அம்மா மருமகளிடம் ஒரு காலையில் நிதானமாகச் சொன்னாள். "தினமும் மத்தியானம் என் ரூமுக்கு ஒரு ஆம்பளை வரான்மா. உன் புருஷன்கிட்ட சொல்லு. வீட்ல ஒரு ஆண்பிள்ளை இருந்தும் இப்படி நடக்குதே."

மூத்தவர் இதைக் கேட்டுக்கொண்டு கடைக்குப் போனார். அன்று மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டு, ஓடிப் போய்த் திரும்ப வாங்கி வந்தார். அவர் சும்மா இருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. தியேட்டரில் மூட்டைப்பூச்சி என்று சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுத்தார்; அவர்கள் மருந்தடித்துவிட்டுப் போனார்கள், அந்த மருந்தும் அவர் கடையிலேயே வாங்கப்பட்டது. ஓர் ஆளை அனுப்பி வேறு படம் போடச் சொன்னார். பெட்டிக்காரர் வாடகையை முன்பணமாகக் கட்டிவிட்டார் என்று பதில் வந்தது. போய் நேரில் சொல்வதென்றால், சினிமாக்காரிக்குக் குரல் கொடுத்தவள் தன் தங்கை என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். அத்தனை காலம் மூடி வைத்ததைத் தன் வாயாலேயே திறக்க வேண்டும். அதற்கு அவர் மனம் இடம் கொடுக்கவில்லை.

தங்கை ஒருநாள் முற்பகலில், குரல் இருக்கும்போதே, மருந்துக்கடைக்கு வந்தாள். அவள் கடைக்கு வருவது வழக்கமில்லை. வாங்க நின்றவர்கள் போகும்வரை ஓரமாக நின்றாள்.

"அண்ணா, அம்மா போகப் போறாங்க. அது நம்ம கையில இல்லை. ஆனா யாரோ ஒருத்தன் கையைப் பிடிச்சிட்டிருக்கான்னு பயந்துட்டே போகக்கூடாது. என் கைதான்னு நான் சொல்லணும்."

"டாக்டர்கிட்ட வேற ஏதாவது..."

"டாக்டர் குடுத்ததில்லை அது. நீங்க குடுத்தது. குடுத்தவங்கதான் போய்க் கேக்கணும்."

அவர் தராசைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். அவள் போய்விட்டாள். மாட்னிக்கு மணி அடித்தபோது அவர் கடையைச் சாத்தினார். பகலில் அந்தக் கடை சாத்தப்பட்டது அப்பா போன நாளுக்குப் பிறகு அன்றுதான்.

தியேட்டரில் பத்துப் பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள். மின்விசிறிக்காக வந்து தூங்குகிறவர்கள், மரக்கடை முதலாளி, ஓய்வு பெற்ற வாத்தியார், டிக்கெட் கிழித்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்ட டிக்கெட்காரர். கடைசி வரிசையில் மெலிந்த ஒருவர் கண்ணை மூடித் தலையைச் சாய்த்திருந்தார். படத்தைப் பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். திரையில் இருட்டறை, போன் மணி அடித்தது. மூத்தவர் நடைபாதையில் வந்து நின்றார். ஒளி அவர் முதுகில் பட்டு, நட்சத்திரத்தின் முகத்துக்கு மேல் அவர் நிழல் நேராக நின்றது.

"அந்தக் குரல் என் தங்கச்சியோடது. நான் இரவலா குடுத்தேன். வாங்கிட்டுப் போக வந்திருக்கேன்" என்றார்.

மெலிந்தவர் கண்ணைத் திறந்தார். வார்த்தை வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. "திரைக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி கிறீச்சுன்னுச்சு. அது நீங்களா?"

"நான்தான்."

"அவங்க நல்லா இருக்காங்களா?"

மூத்தவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். மெலிந்தவர் அவசரமாகக் கையை உயர்த்தினார். "பயப்படாதீங்க. நான் தப்பானவன் இல்லைங்க. அவங்க யாருன்னுகூட எனக்குத் தெரியாது. அவங்க இருக்கற பக்கம்கூட நான் வந்ததில்லை."

"தினமும் வரீங்க" என்றார் மூத்தவர். "எங்கம்மா படுத்திருக்கற ரூமுக்கு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். தொலைபேசி நிலையம், பின்னறை, எழுந்து போன மாப்பிள்ளை வீட்டார், கண் தெரியாத அம்மா. தணிந்த குரலில்தான் சொன்னார், ஆனால் தியேட்டர் சிறியது. மெலிந்தவர் கேட்கக் கேட்கத் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். முன்வரிசையில் மரக்கடை முதலாளி எழுந்து உட்கார்ந்தார்.

"ஆபரேட்டர் அம்மா குரல்தானே? இதைப் போயி ரகசியம் மாதிரி சொல்றீங்க."

மூத்தவர் அவர் பக்கம் திரும்பினார். டிக்கெட்காரர் தயங்கித் தயங்கிச் சேர்த்துக்கொண்டார். "முதல் நாள் முதல் ஷோவுலயே தெரியும்ங்க. 'பேசுங்க'ன்னாங்க, தியேட்டரே நிமிர்ந்து உக்காந்துச்சு. வெளியூர்க்காரங்ககிட்ட மூச்சு விட்டதில்லை. உங்ககிட்ட வந்து யாரு சொல்றது? உங்க முகத்தைப் பார்த்தா சொல்ல வருமா?"

முகத்தைத் திரைக்குப் பின்னால் மறைத்த அந்தப் பெண்ணை ஊர் குரலால் மட்டுமே அறிந்திருந்தது என்பது, அத்தனை யோசித்து நிபந்தனை விதித்த குடும்பத்துக்குத் தோன்றாமல் போயிருந்தது. ஊர் இத்தனை காலமும் அவர் மரியாதையை அவருக்காகச் சுமந்திருந்தது. தெரியாமல் இருந்தது ஒரே ஒருவருக்கு, தேடி அலைந்தவருக்கு. மூத்தவர் கடைசி வரிசைப் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் நீட்டினார். "திருப்பிக் குடுங்க" என்றார். அன்று அவர் முதுகு வளைந்தது என்று சிலர் சொல்வதுண்டு. வளையவில்லை. நாற்காலி வரிசைகளுக்கு நடுவே இடம் குறுகல், கொஞ்சம் முன்னால் சாய வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

மெலிந்தவர் எழுந்து நின்றார். திரையில் நட்சத்திரம் போனைக் காதில் வைத்திருந்தாள். அவர் அவளைப் பார்க்காமல் மூத்தவரின் கைகளையே பார்த்தார்.

"எடுத்துக்கங்க" என்றார்.

"யாருன்னு கேக்..." என்பதோடு நட்சத்திரத்தின் குரல் நின்றது. உதடுகள் தொடர்ந்து அசைந்தன. போன் வழியாக மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது; அதற்குக் கூலி வாங்கப்பட்டிருந்தது, ஆகவே அது படத்துக்குச் சொந்தம்.

வீட்டில் அந்த நேரம் அம்மா சுவரோடு ஒதுங்கி, "யாரு, யாரு" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மகள் வாசற்படியில் நின்று வாயைப் பொத்தியிருந்தாள். பொத்திய கைக்குள் மூச்சு நின்றதை அவள் உணர்ந்தாள். கையை எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"நான்தாம்மா."

அம்மா முகத்தை அவள் பக்கம் திருப்பினாள். "அவன் போயிட்டானா?"

"போயிட்டான்மா."

"யாரு அவன்?"

மகள் கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "ராங் நம்பர்மா" என்றாள். அம்மா சிரித்ததாக அண்ணி சொல்கிறாள்.

வாடகை கட்டிய நாட்கள் மீதி இருந்தன. பெட்டிக்காரர் படத்தை நிறுத்தவில்லை. கட்டிய முன்பணத்துக்குப் படம் காட்டுவது தியேட்டரின் கடமை என்று டிக்கெட்காரரும் சொன்னார். படம் ஓட்டுகிறவர் ஒலிபெருக்கியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கதவுச் சத்தமும் மழைச் சத்தமும் மூச்சும் தெளிவாக வருகின்றன, அந்த அம்மாவின் குரலை மட்டும் ஊருக்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், தன்னால் செய்ய ஒன்றுமில்லை என்றார். பெட்டிக்காரர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முதல்முறையாகக் கண்ணைத் திறந்து படத்தைப் பார்த்தார். தன் மூச்சு ஒரு பெண்ணை என்ன செய்கிறது என்று அதுவரை அவர் பார்த்ததில்லை. நாட்கள் முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். மருந்துக்கடைக்காரரின் வீடு எது என்று அவர் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எந்தப் பிள்ளையும் காட்டியிருக்கும்.

அம்மா போனது அவர் பஸ் ஏறுவதற்கு முன், படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். மகள் கட்டிலோரம் உட்கார்ந்து, சொல்ல விட்டுப்போனவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னறையில் ரேடியோவில் என்ன பாட்டு வைத்தார்கள், அந்த மாப்பிள்ளை எப்படி இருந்தார், அவர் மூக்கு எவ்வளவு நீளம். அம்மா "ம்" கொட்டிக்கொண்டே வந்தாள். மூக்கு வரைக்கும் "ம்" வந்தது, அதற்கு அடுத்ததற்கு வரவில்லை. மகளுக்குப் புரிந்தது. ஆனால் அவள் நிறுத்தவில்லை. சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, குரலும் இருந்தது. மூத்தவர் கதவருகே நேராக நின்று கேட்டார். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே மாட்னி விட்டது. தியேட்டரிலிருந்து வந்தவர்கள் ஜன்னலோரமாகத் தெருவில் நடந்து போனார்கள். அன்றைக்கு நல்ல கூட்டம். அந்த நடிகை பயத்தில் வாயடைத்துப் போவதைப் பார்த்தால் ராத்திரியில் போனை எடுக்கவே தோன்றாது, முன்பு பார்த்ததைவிடப் படம் இப்போது நன்றாக இருக்கிறது என்று பேசிக்கொண்டு போனார்கள்.